வெண்கட்டி அழிந்த போத்தல்கள்

சனிக்கிழமைப் பின்னேரங்களில் பேஸ்மென்டில் மட்டும் அகப்படுகிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஐயர் வந்து திவசம் செய்தார். அடுத்த நாள் எங்கள் வீட்டு வழக்கப்படி மீனும் நண்டுமாக மச்சச் சாப்பாட்டோடு படையல். அந்தப் படையலில் உங்கள் படத்துக்கு முன்னால் எந்தப் போத்தலைத் திறந்து வைத்தோம், ஏன் அதை வைத்தோம் என்று எழுதி அறிவிக்க வேண்டியது என் பொறுப்பு. ஏனென்றால் உங்களுக்கும் எனக்கும் இடையில் தீராமல் நின்ற ஒரு வழக்கு அதில் இருக்கிறது.

பெரியப்பா இந்தக் கடிதத்தை நினைவு மலரில் போடப்போவதாகச் சொல்கிறார். அதனால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்தீர்கள். ஒவ்வொரு செப்டெம்பரும் அங்கே கலிபோர்னியாத் திராட்சை பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இத்தாலிய வீடுகளில் அதை வாங்கிக்கொண்டுபோய்ப் பிழிந்து வைன் போடுவார்கள். நாங்கள் இருக்கிற பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுச் சல்வத்தோரேயும் அப்படித்தான். அவருக்குப் பெட்டி தூக்கிக் கொடுக்கப் போன நீங்கள், மூன்றாவது வருடம் எங்கள் பேஸ்மென்டிலும் இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். அம்மா ஒரு கிழமை உங்களோடு கதைக்கவில்லை.

பிறகு உங்களுக்குக் கலிபோர்னியாப் பெட்டிகளும் பிடிக்காமல் போயின. "பெட்டியில வாறதுக்கு எந்த ஊர் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றீர்கள். மொன்றியலுக்குத் தென்கிழக்கே, ஒரே வட்டாரத்தில், காரில் கால் மணி நேர இடைவெளியில் இருந்த இரண்டு தோட்டங்களைக் கண்டுபிடித்தீர்கள். ஒன்று கல்லுச் சரிவு. மற்றது களிமண் சமவெளி. இரண்டிலும் குளிர் தாங்கும் ஃப்ரொன்டெனாக் என்ற ஒரே இனத் திராட்சை. ஒரே வருடத்தில் வாங்கி, ஒரே மாதிரி நொதிக்க வைத்து, அடுத்த கோடையில் பதினைந்து பதினைந்தாகப் போத்தலில் அடைத்தீர்கள். கல்லுக்கு, கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியால் ஒரு வட்டம், களிக்கு ஒரு கோடு. பேஸ்மென்ட் நாட்காட்டியில் "வ 15, கோ 15" என்ற உங்கள் எழுத்து இன்னும் இருக்கிறது.

நமது வழக்கு அந்த வட்டத்தைப் பற்றியது. போத்தலில் அடைத்த அன்று, கல்லுக் குடுவையில் மிஞ்சியதை நீங்கள் ஒரு கிளாஸில் ஊற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள்.

"பிடிச்சுப் பார் பிள்ளை. கல்லுக்குள்ளால வந்தது. கல்லு மணக்குது."

"கல்லுக்கு மணம் இல்லை அப்பா. வேர் கல்லைச் சாப்பிடுறதும் இல்லை. நான் வாசிச்சனான்."

"அப்ப இந்த ரெண்டும் ஒண்டோ?"

"ரெண்டும் ஒரே திராட்சை. நீங்கள் போட்ட வட்டத்தைப் பார்த்துத்தான் உங்களுக்கு ருசி வருது."

நீங்கள் சிரித்தீர்கள். "ஓம், ஓம், புரொபெசர் அம்மா சொன்னால் சரி. ஒரு நாளைக்கு உன்ர கண்ணைக் கட்டிவிட்டுப் பாப்பம்."

"எப்ப?"

"பேந்து."

அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவில்லை. அதற்கு யாரும் பொறுப்பில்லை. உங்கள் இதயத்தில் இருந்த அடைப்பு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை என்றுதான் வைத்தியர் சொன்னார். நான் அதையும் வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

எட்டாம் நாள் படையலில் இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டது, குடித்தது எல்லாம் வைப்பது வழக்கம். பெரியப்பா ஒரு விஸ்கிப் போத்தலோடு லவாலிலிருந்து வந்தார். வாழையிலைக்குப் பக்கத்தில் அது நின்றது. நீங்கள் விஸ்கி குடித்து நான் கண்டதே இல்லை. கீழே பேஸ்மென்டில் வட்டமும் கோடுமாக உங்கள் போத்தல்கள் அப்படியே கிடந்தன. எனக்குத் தெரியும். ஆனால் வீடு நிறையப் பெரியவர்கள் நின்றார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு போத்தலோடு உங்களை அனுப்பினோம். ஒரு வருடம் என் தலைக்குள் இருந்தது அதுதான். ஆண்டுப் படையலில் அதைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் சாவுத் துடக்குக் கழிக்க வீடு முழுவதையும் கழுவினோம். அம்மா மேலிருந்து தொடங்கிக் கீழே வந்தா. மஞ்சள் தண்ணீர் தெளித்தது போதாதென்று, தட்டுகளிலிருந்த போத்தல்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று அடுக்கிவிட்டா. நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது பத்தொன்பது போத்தல்கள் இருந்தன. ஒன்றிலும் வட்டமும் இல்லை, கோடும் இல்லை. அடுக்கும் கலந்துபோய்விட்டது.

"அதில ஏதோ கிறுக்கிக் கிடந்துது, ஊத்தையெண்டு கழுவினனான்" என்றா அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, அது முக்கியமானதோ?" என்று கேட்டா. நான் இல்லை என்று சொன்னேன். அது பொய்.

இந்த இலையுதிர் காலத்தில் நான் வேலையைத் தொடங்கினேன். போத்தலைத் திறப்பதற்கு முன் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. நூலகத்திலிருந்து நான்கு புத்தகங்கள் எடுத்தேன். நூலகர் என் வயதைக் கேட்டார். பதினைந்து என்றேன். "வாசிக்கத்தானே?" என்றார். வாசிக்கத்தான்.

செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சல்வத்தோரே என்னையும் அம்மாவையும் காரில் கூட்டிக்கொண்டு போனார். முதலில் கல்லுச் சரிவு. தெற்குப் பார்த்த மலையடி. மண் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. தகடு தகடான கறுப்புக் கற்கள், காலை வைத்தால் அப்பளம்போல நொறுங்கின. பின்னேரம் நான்கு மணி, சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது, குளிர்காற்று. ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. நீங்களும் இப்படி ஒன்றை எடுத்துப் பார்த்திருப்பீர்களா?

திராட்சைகள் சின்னனாக, கடுங்கறுப்பாக, தோல் தடிப்பாக இருந்தன. தோட்டக்காரப் பெண் உங்களை நினைவில் வைத்திருந்தார். "கேள்வி கேட்டபடியே இருப்பார்" என்றார். கீழே சமவெளிக்காரர்களைவிடப் பத்து நாள் முந்தியே தான் பறித்துவிடுவதாகவும் சொன்னார்.

சமவெளிக்குப் போனால் அது வேறு ஒரு நாடு. அந்தக் களிமண் முழுவதும் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலின் அடியில் படிந்தது என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டு நாளைக்கு முன் பெய்த மழை கொடிகளுக்கு இடையில் அப்படியே நின்றது. பத்தடி நடக்கவே சப்பாத்து ஒவ்வொன்றும் செங்கல் கனம் கனத்தது. அம்மா தன்னுடையதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தச் சேத்துக்குள்ள வந்தே நிண்டவர்?" என்றா. கொடியெல்லாம் இலை. இலைகளின் நிழலுக்குள் பெரிய பெரிய திராட்சைகள். ஒன்றைக் கடித்தேன். கண்ணை மூட வைக்கிற புளிப்பு.

இரண்டு தோட்டத்திலிருந்தும் மண் கொண்டுவந்து, அடியில் ஓட்டை போட்ட இரண்டு யோகட் கோப்பைகளில் நிரப்பி, சமமாகத் தண்ணீர் ஊற்றினேன். கல்லுக்குள்ளால் தண்ணீர் நான் இருபது எண்ணுவதற்குள் இறங்கிவிட்டது. களிமண்ணில், கணக்கு வீட்டுப்பாடம் முழுவதும் செய்து முடித்த பிறகும் மேலே தண்ணீர் நின்றது.

அப்பா, எனக்கு விளங்கியது இதுதான். கல்லில் நிற்கிற கொடிக்குத் தாகம். இலை வளர்க்க அதற்கு வசதியில்லை. பழம் சிறுக்கிறது, சாறு குறைவு, தோல் அதிகம். நிறமும் காரமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. பகலில் சூடேறிய கல் இரவிலும் பழத்தைக் கொஞ்சம் சூடாக வைத்திருக்கிறது, அதனால் அது நன்றாகப் பழுத்துப் புளிப்பை விட்டுவிடுகிறது. களியில் நிற்கிற கொடிக்கு எந்நேரமும் குடிக்க இருக்கிறது. அது இலையை வளர்க்கிறது, பழத்தைப் பெருப்பிக்கிறது, பழம் ஆறுதலாக, மெதுவாகப் பழுக்கிறது. குளிர் வந்து பறிக்கிற நேரத்திலும் புளிப்பு போவதில்லை. கல் வைனுக்குள் போகவில்லை. கல் தண்ணீரைப் போகவிட்டது. அவ்வளவுதான்.

ஆகவே கல்லு மணக்கிறது என்று நீங்கள் சொன்னது பிழை. இரண்டும் ஒன்று என்று நான் சொன்னது அதைவிடப் பெரிய பிழை.

அடுத்தது போத்தல்கள். கைபேசி வெளிச்சத்தைப் பின்னால் பிடித்து, கழுத்துப் பகுதியில் நிறத்தைப் பார்த்தேன். சிலவற்றில் வெளிச்சம் மாதுளைச் சாறுபோல ஊடுருவியது. மற்றவற்றில் ஏறக்குறைய நின்றுவிட்டது. கறுப்பு பன்னிரண்டு, வெளிர் ஏழு. கறுப்பு கல்லு, வெளிர் களி என்று புத்தகப்படி எழுதிக்கொண்டேன். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப எனக்கு விருப்பமில்லை.

திவசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்கள் சொன்ன சோதனையை நடத்தினோம். சல்வத்தோரே ஒவ்வொன்றிலும் ஒன்று திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினார். என் கண்ணை என் குளிர்காலச் சால்வையால் கட்டினார். மணக்க மட்டும்தான், வாயில் வைப்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அம்மா படியில் நின்று காவல் காத்தா.

"காலங்காத்தால தேவாரம் படிக்க வேண்டிய பிள்ளை, கண்ணைக் கட்டிக்கொண்டு சாராயம் மணக்குது."

"அம்மா, இது சாராயம் இல்லை."

"ஓ, அப்பாவும் இதையேதான் சொன்னவர்."

சல்வத்தோரே கிளாஸ்களின் ஒழுங்கை மாற்றி மாற்றிப் பத்துத் தரம் நீட்டினார். ஒன்றில் நன்றாகப் பழுத்த நாவல்பழமும் மிளகும்போல ஒரு மணம். மற்றதில் பழுக்காத செர்ரி, அதோடு நசுக்கிய பச்சை இலை. பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னேன். பிழைத்த ஒன்றும், மேலே அடுப்பிலிருந்த கறிவேப்பிலைத் தாளிதம் கீழே இறங்கி வந்த நேரத்தில்தான்.

பதிலை அறிய நீங்கள் அங்கே நிற்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: வட்டம் இல்லாமலும் வித்தியாசம் தெரிகிறது. வழக்கில் நான் தோற்றேன். பாதி.

சல்வத்தோரே இரண்டையும் குடித்துப் பார்த்தார். கறுப்பைத் தூக்கிப் பிடித்து, உங்களிடம் பழகிய தமிழில் "ஓம், ஓம்" என்றார். வெளிரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கல்லுத்தான் வைன், மற்றது சேறு, உன் அப்பா எனக்குத் தந்ததும் கல்லுத்தான் என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. நீங்கள் வாய் ஓயாமல் புகழ்ந்தது கல்லைத்தானே? படையலுக்குக் கறுப்புப் போத்தல் என்று ஒரு கடதாசியில் எழுதி ஒட்டினேன்.

அப்போது அம்மா படியால் இறங்கி வந்தா. எத்தனையோ வருடமாக உங்கள் வைன் போத்தல்களுக்குப் பக்கத்தில் போகாதவ, கழுவின அந்த ஒரு நாளைத் தவிர. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, கறுப்புக் கிளாஸை எடுத்து மணந்தா. வைத்தா. வெளிரை எடுத்து மணந்தா. வைக்கவில்லை.

"இதுதான்" என்றா.

"எதம்மா?"

"சனிக்கிழமை பின்னேரம் படியேறி மேல வரேக்க உங்கட அப்பாவில மணந்தது இதுதான். அது இல்லை."

"அவர் கல்லைத்தானே நல்லதெண்டு சொன்னவர்?"

"சொன்னவர். ஆரும் வந்தால் அதைத்தான் எடுத்துக் குடுக்கிறவர். தான் குடிச்சது இது. பதினெட்டு வருசம் பக்கத்தில இருந்தனான், எனக்குத் தெரியாதோ?"

சல்வத்தோரேக்கு மொழிபெயர்த்தேன். அவர் "மடாம், அப்படி இருக்க முடியாது" என்றார். அம்மா அவருக்குத் தமிழிலேயே, "உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் விருந்தாளி" என்றா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நான் நாட்காட்டியை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பதினைந்து. கறுப்பில் பன்னிரண்டு மிச்சம், அதாவது மூன்று போயிருக்கின்றன. பெரியப்பாவுக்கு ஒன்று, சல்வத்தோரேக்கு ஒன்று, கடை முதலாளிக்கு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாக என்று நேரத்தோடேயே கொடுத்துவிட்டது ஒன்று. மூன்றும் சரி. வெளிரில் எட்டுப் போயிருக்கின்றன. அதை வாங்கிக்கொண்டு போனதாக ஒருவரும் இல்லை. நான் ஒரு மாதம் புத்தகம் வாசித்து, நிறம் பிரித்து, கண்ணைக் கட்டி எது எந்த மண் என்று கண்டுபிடித்தேன். எது உங்களுடையது என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்கவேயில்லை.

ஏன் அப்பா? நல்லதை மற்றவர்களுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குடித்தீர்களா? அல்லது புளிப்புத்தான் உங்களுக்குப் பிடித்ததா? சொதிக்கு மேல் தேசிக்காய், நண்டுக் கறிக்குமேல் தேசிக்காய், முட்டைப் பொரியலுக்கும் தேசிக்காய் என்று பிழிந்தவர் நீங்கள். கல்லை வாயாலும் களியை நாக்காலும் விரும்பினீர்களா? இதற்கு ஆதாரம் போதாது. முடிவு எழுதாமல் விடுகிறேன்.

சனிக்கிழமை படையல். சோறு, நண்டுக் கறி, மீன் பொரியல், சொதி, பிழிந்த தேசிக்காய்ப் பாதி. பெரியப்பா திரும்பவும் விஸ்கியோடு வந்து நின்றார்.

அம்மா வெளிர்ப் போத்தலை எடுத்து வைத்தா. நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற தேத்தண்ணிக் கிளாஸில் ஊற்றினா.

"என்ன தங்கச்சி இது? திராட்சைத் தண்ணியை வைச்சோ அவனுக்குப் படைக்கிறது? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பினம்?"

"அத்தான், அவர் விஸ்கி குடிச்சு நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

பெரியப்பா யோசித்தார். நன்றாகவே யோசித்தார். "நான்தான் குடிக்கிறனான்" என்றார் கடைசியில்.

போன வருடம் வாயை மூடிக்கொண்டு நின்ற நான் இந்த முறை கதைத்தேன். "பெரியப்பா, எட்டாம் நாள் படையலுக்கும் பிழையானதைத்தான் வைச்சனாங்கள். எனக்கு அப்பவே தெரியும்." அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விஸ்கிப் போத்தலை எடுத்துக்கொண்டுபோய்த் தன் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

கற்பூரம் காட்டி, நீங்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்தி, எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நின்றோம். பிறகு படைத்ததைப் பங்கிட்டபோது அந்தக் கிளாஸ் பெரியப்பாவுக்குப் போனது. ஒரு மிடறு குடித்தார். முகம் முழுவதும் ஒரு பக்கமாக இழுபட்டது.

"ஐயோ, புளிக்குது! மனுசன் குடிப்பானே இதை?"

அவர் ஒரு வாய் நண்டுக் கறியைச் சாப்பிட்டார். திரும்பவும் ஒரு மிடறு. இந்த முறை முகம் இழுபடவில்லை. கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "இவனுக்குப் புளி இல்லாமல் சோறு இறங்காது." பிறகு கிளாஸை அம்மாவிடம் நீட்டினார். அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினா. மற்றவர்கள் பாராத நேரத்தில், கிளாஸின் அடியில் மிஞ்சியதை அம்மா சோற்றில் ஊற்றிப் பிசைந்ததை நான் பார்த்தேன். அதை இங்கே எழுதலாமா என்று அவவிடம் கேட்டேன். "எழுது, அவருக்குத்தானே எழுதிறாய்" என்றா.

இப்போது வெளிரில் ஐந்து போத்தல்கள் இருக்கின்றன. மூன்றை எனக்குப் பதினெட்டு வயதாகும்வரை வைத்திருக்க அம்மா சம்மதித்துவிட்டா, கறுப்பிலும் மூன்று. அன்றைக்கு மூக்கோடு நிறுத்தாமல் சோதனையைத் திரும்ப நடத்துவேன். மிச்ச இரண்டும் அடுத்த இரண்டு வருடப் படையலுக்கு. அதற்குப் பிறகு உங்களுக்கு வைக்க ஒன்றும் இல்லை.

அதனால் ஒரு வாக்கு. வருகிற இலையுதிர் காலத்தில் பூட்ஸ் போட்டுக்கொண்டு களிமண் தோட்டத்துக்குப் போவேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா, சல்வத்தோரே முணுமுணுத்துக்கொண்டு கார் ஓட்டுவார். குடுவையை நிரப்புவோம். அது அந்த வருடத்து மழையும் வெயிலும் சேர்ந்து வேறு ருசியாகத்தான் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் எந்த மண் என்பதற்குப் பொறுப்பு. ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் தகரத்தில் கோடு கீறி, கம்பியால் கட்டித் தொங்கவிடுவேன். அம்மா எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் அழியாது.

கல்லுக்கு மணமில்லை என்பதில் இன்னும் உறுதியாக நிற்கிற,
உங்கள் புரொபெசர் அம்மா,
நீங்கள் பெற்ற ஒரே மகள்.